மதுரைக்கு எழுதுவதற்கு முன்: ராமநாதபுரம் கரையில் வார்டு டாக்டராகச் சேருபவருக்கு

இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு, "மதுரைக்கு எழுதிக் குடுத்துட்டாக" என்பது. இங்கே முடியாது, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சீட்டு எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம். அதைச் சொல்லும் குரலிலேயே வீட்டில் பாதி அழுகை தொடங்கிவிட்டது தெரியும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, பாம்பன் தாண்டி ராமேசுவரம் வரை எங்காவது நீங்கள் ட்யூட்டி டாக்டராகவோ பொது மருத்துவராகவோ சேரப் போகிறீர்கள் என்றால், அந்தச் சீட்டை எழுதப் போகிற கை இனி உங்களுடையது.

நோய்க்குப் பெயர் வைப்பதுதான் டாக்டர் வேலை என்று நினைத்துத்தான் நானும் இங்கே வந்தேன். பெயர் வைப்பது பாதி. யாரை இங்கேயே வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது, எத்தனை மணிக்கு, என்ன செய்து முடித்துவிட்டு அனுப்புவது என்பது மீதிப் பாதி. அமெரிக்காவில் 1996-ல் ராபர்ட் வாக்டர், லீ கோல்ட்மேன் என்ற இருவர், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிகளை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கு 'ஹாஸ்பிட்டலிஸ்ட்' என்று பேர் சூட்டினார்கள். நம்மூரில் பேர் சூட்டாமலே ஹவுஸ் சர்ஜனும் ட்யூட்டி டாக்டரும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். கூடவே ஓ.பி., கேஷுவால்டி, சில ஊர்களில் போஸ்ட்மார்ட்டமும்.

முதலில் இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை சுமார் 115. தீவிலிருந்து வெளியேறச் சாலை ஒன்றே ஒன்று, 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம். 2022 ஜனவரியில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு நிலைமை முன்பு போல் இல்லை. ஆனாலும் ரத்தக்குழாய் அடைப்பை ஆஞ்சியோவில் திறக்க வேண்டும், மூளையில் அறுவை செய்ய வேண்டும் என்றால் பேச்சு மதுரைக்குத்தான் போகிறது. கீழே சொல்வதெல்லாம் இந்தத் தூரத்தை வைத்துத்தான்.

சேரும் முன்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ், தாலுகா ஆஸ்பத்திரி மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் கீழ், கல்லூரி ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வரும். லீவு, சம்பளம், மாறுதல் எதற்கும் தவறான கதவைத் தட்டி ஒரு மாதத்தை வீணாக்காதீர்கள். மருத்துவக் கவுன்சில் பதிவுச் சான்றின் நகல் பத்து எடுத்து வையுங்கள். வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் தண்ணீரைக் கேளுங்கள். பல தெருக்களில் குழாயில் வருவது உப்புத் தண்ணீர்.

முதல் நாள்: நோயாளியைப் பார்க்குமுன் அலமாரியைப் பாருங்கள்

சீஃபைப் பார்த்து வணக்கம் சொல்லி, ஜாயினிங் ரிப்போர்ட் கொடுத்தபின், அங்கேயே உட்கார்ந்து டீ குடிக்காமல் ஹெட் சிஸ்டரைத் தேடிப் போங்கள். "சிஸ்டர், பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருக்கு?" என்று முதல் கேள்வி கேட்டால் உங்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் வரும். இருப்பு இருபதுக்குக் கீழே போயிருந்தால் அன்றைக்கே எழுதிக் கேளுங்கள். ஒரு கடிக்கு எடுத்த எடுப்பில் 10 குப்பி போய்விடும்.

பிறகு ஒவ்வொன்றாக: இ.சி.ஜி. மெஷின் எங்கே, அதில் காகிதம் இருக்கிறதா. லேப் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், பூட்டிய பிறகு யாரைக் கூப்பிட வேண்டும். ரத்தம் எங்கிருந்து வரும், வர எவ்வளவு நேரமாகும். ஆக்சிஜன் சிலிண்டர் சாவி யார் இடுப்பில் இருக்கிறது. இந்தக் கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நடு இரவில் சிலிண்டர் இருந்தும் சாவி இல்லாத பத்து நிமிடத்தை நான் அனுபவித்திருக்கிறேன்.

வார்டில் இருபது வருடம் வேலை பார்த்த பணியாளரை "அண்ணே" என்றும் "அக்கா" என்றும் கூப்பிடுங்கள். யார் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து சண்டை போடுவார், எந்தப் பாட்டி மாத்திரையை முந்தானையில் முடிந்துவைப்பாள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஓ.பி.: காது கொடுக்கக் கற்றுக்கொள்வது

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ படித்தவருக்கு முதல் வாரம் மொழியே தடுமாறும். "மேலுக்கு முடியலை" என்றால் உடம்பு சரியில்லை. "சத்தி எடுக்குது" என்றால் வாந்தி. "கிறுகிறுன்னு வருது" என்பது தலைசுற்றலாகவும் இருக்கலாம், சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம், இதயத்துடிப்பு தடுமாறியதாகவும் இருக்கலாம். கீழக்கரைப் பக்கம் அம்மாவை உம்மா என்பார்கள், அக்காவை லாத்தா, அண்ணனைக் காக்கா. கூட வந்தவரை "காக்கா, நீங்க சொல்லுங்க" என்றால் பாதி வரலாறு தானாக வந்துவிடும்.

இதில் ஒரு சொல்லை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: "வாயு." நான் சேர்ந்த முதல் மாதம், வலை இழுத்துவிட்டு வந்த நாற்பது சொச்சம் வயது மீனவர் ஒருவர், "வாயு பிடிச்சிருக்கு சார், நெஞ்சு கரிக்குது" என்றார். நல்ல திடகாத்திரமான உடம்பு. வயிற்றுப்புண் மாத்திரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற சிஸ்டர் சீட்டை வாங்காமல், "சார், கூட்டம் கம்மியாத்தான் இருக்கு. ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துருவோமா?" என்றார். இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு. என் மானத்தையும் காப்பாற்றி, அவர் உயிரையும் காப்பாற்றிய வாக்கியம் அது. முப்பது வயதைத் தாண்டியவர் வாயு என்றால், தாடைக்கும் தொப்புளுக்கும் இடையில் எங்கே கையை வைத்தாலும், இ.சி.ஜி. எடுத்த பிறகுதான் நான் பேனாவைத் திறப்பேன்.

ராமேசுவரத்தில் இருந்தால் மூன்று இந்திக் கேள்விகள் போதும்: தர்த் கஹாங் ஹை, கப் ஸே, கௌன்ஸீ தவா. எங்கே வலி, எப்போதிலிருந்து, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நனைந்து, வெறும் வயிற்றோடு மயங்கி விழும் வடநாட்டுப் பெரியவர்களின் பையில் மருந்துச் சீட்டு இருக்கும். முதலில் பையைத் திறக்கச் சொல்லுங்கள். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவரா என்று பாருங்கள். பலருக்கு சோடியம் இறங்கியிருக்கும்.

கேஷுவால்டி: கடிகாரத்தோடு வேலை

நெஞ்சுவலி என்று வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். அதன் கோட்டில் எஸ்.டி. என்ற பகுதி உயர்ந்து மாரடைப்பைக் காட்டினால், ஆஞ்சியோ செய்யும் இடத்துக்கு 120 நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்து, அடைப்பைத் திறந்தும்விட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராமேசுவரத்திலிருந்து முடியாது. ராமநாதபுரத்திலிருந்தே சிரமம். ஆகவே, கூடாத காரணம் எதுவும் இல்லையென்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை இங்கேயே அரை மணிக்குள் தொடங்கிவிட வேண்டும். அனுப்புவது அதற்குப் பிறகு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில் ஓட வேண்டும். ஓடும்போது பிரஷர் இறங்கும், பக்கத்தைவிட்டு நகராதீர்கள். "இங்கே ஒன்னும் செய்யாம உடனே மதுரைக்கு அனுப்புங்க" என்று சொந்தக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் தசை செத்துப்போகும் என்பதை நிதானமாக, ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள். இதில் தயங்கி அனுப்பிவிடும் டாக்டர்தான் நல்லவர் என்று பேர் வாங்குவார். பேர் போனால் போகட்டும்.

பக்கவாதத்தில் கேட்க வேண்டியது, கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று. கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு அவகாசம் 4.5 மணி நேரம்தான். "காலையில எந்திரிச்சப்பவே இப்படி" என்றால் கணக்கு முந்தைய இரவிலிருந்து தொடங்குகிறது. ஸ்கேன் இல்லாத இடத்தில் இருந்தால் ஒரு நிமிடமும் வைத்திருக்காமல் அனுப்பிவிட வேண்டிய கேஸ் இது. மாரடைப்புக்கு நேர் எதிர்.

பாம்புக்கடி. காய்ந்த முள்காடும் வெட்டவெளியுமான இந்த மண்ணில் சுருட்டை விரியன் இருக்கிறது. புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் இந்தச் சோதனைக்கு உதவாது, கழுவிய குழாயும் உதவாது. கட்டுவிரியன் வேறு மாதிரி: தரையில் படுத்தவர், விடிகாலை வயிற்றுவலி, கண் இமை சரிகிறது, கடித்த தடமே தெரியாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். தொடங்குமுன், மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் போட, அட்ரினலின் ஊசியில் ஏற்றித் தயாராக இருக்கட்டும்.

கடல் பாம்புக்கு மட்டும் இந்த மருந்து பயன்படாது. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் செய்யப்பட்டது. வலையிலிருந்து பாம்பை உதறும்போது கடிபட்டதாக ஒருவர் வந்தால், வலியே இல்லை என்று சிரித்துக்கொண்டிருப்பார். அனுப்பிவிடாதீர்கள். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசைவலி, தாடை இறுக்கம், சிறுநீர் கறுப்பது, மூச்சு சோர்வது என்று வரலாம். சிறுநீர் அளவும் பொட்டாசியமும் பார்த்துக்கொண்டே டயாலிசிஸும் வென்டிலேட்டரும் உள்ள இடத்துக்குப் போன் போட்டு வையுங்கள். தேள் கடிக்கு மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் ஆஸ்பத்திரி வேலை பார்த்த ஹிம்மத்ராவ் பவஸ்கர் என்ற டாக்டர் பிரசோசின் என்ற மருந்தைப் பயன்படுத்திக் காட்டினார். சின்ன ஆஸ்பத்திரியில் என்ன செய்துவிட முடியும் என்று சலிப்பு வரும் நாட்களில் நான் அவரை நினைத்துக்கொள்வது உண்டு.

திருக்கை முள் குத்தினால் வலியில் ஆண்பிள்ளை அலறுவார். பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி வரை காலை வைக்கச் சொல்லுங்கள். குத்துப்பட்ட கால் சூட்டை உணராது, ஆகவே நல்ல காலை முதலில் விட்டுப் பார்க்கட்டும். முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுங்கள், டி.டி. (டெட்டனஸ் தடுப்பூசி) போடுங்கள், காயத்தை இறுக்கித் தைக்காதீர்கள். பாசி எடுக்கப் போகும் பெண்கள் பாறையில் கால் கிழித்துக்கொண்டு வருவார்கள். அவர்களில் சர்க்கரை உள்ளவர், ஈரல் கெட்டவர் என்றால், கடல்நீர்க் கிருமி ஒரே நாளில் காலை விழுங்கிவிடும் என்று வைத்துப் பார்க்க வேண்டும். கொப்புளம் கறுத்தால் காத்திருக்காதீர்கள். பேத்தை மீன் தின்று உதடு மரத்தவர் வந்தால் மாற்று மருந்து கிடையாது, மூச்சைப் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

படகில் இருப்பவருக்கே உடம்பு முடியாமல் போனால், கரையில் இருக்கும் குடும்பம் முதலில் உங்களிடம்தான் ஓடிவரும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. வார்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

ஏர்வாடி பக்கம் இருப்பவருக்கு

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடை செய்கிறது. மனநோய் தீர வேண்டி இங்குள்ள தர்காவுக்கு வந்த இடத்தில் "பேசாம கெடக்காக" என்று கூட்டிவரப்படுபவருக்கு மனநோய்தானே என்று காய்ச்சலையும் நிமோனியாவையும் தவறவிடுவது சுலபம். சர்க்கரை, சோடியம், தைராய்டு பார்த்த பிறகே மனநல டாக்டருக்கு எழுதுங்கள். கேரளத்திலிருந்து வருபவர்களும் உண்டு, மலையாளம் தெரிந்த சிஸ்டர் ஒருவரைப் பழக்கம் பிடித்து வையுங்கள்.

ரவுண்ட்ஸும் ஒப்படைப்பும்

காலை ரவுண்ட்ஸில் எல்லோரையும் சமமாகப் பார்க்காதீர்கள். நேற்று இரவு சேர்ந்தவர், இன்று போக வேண்டியவர், நிலை மாறியவர் என்று மூன்று வகையை முதலில் பாருங்கள். மழைக்காலக் காய்ச்சல் என்றால் அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே என்று துணி விலக்கிப் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலின் கருகிய வடு அங்கேதான் ஒளிந்திருக்கும். பெண் நோயாளி என்றால் சிஸ்டர் கூட இருக்க வேண்டும். ரத்தத் தடவல் எழுத மறக்காதீர்கள், இந்தக் கரைக்கு மலேரியாவோடு பழைய உறவு உண்டு.

ட்யூட்டி மாறும்போது "எல்லாம் ஸ்டேபிள்" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுக்காதீர்கள். யார் இரவில் கெடக்கூடும், கெட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும், எந்த ரிப்போர்ட் வரவேண்டியிருக்கிறது என்பதை வாயால் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதி, கட்டில் பக்கத்தில் நின்று காட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.

சீட்டு எழுதும் முறை

அனுப்புவது என்று முடிவானால், முதலில் போன். வாங்கிக்கொள்ளப் போகிற ட்யூட்டி டாக்டரிடம் நீங்களே பேசுங்கள், கம்பவுண்டர் மூலமாக வேண்டாம். அடுத்து ஆக்சிஜன் கணக்கு. பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம்தான். ராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு அது பத்தாது. ஒன்று உபரியாக ஏற்றுங்கள், அல்லது ராமநாதபுரத்தில் மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். வழியில் மூச்சு நிற்கும் என்று சந்தேகம் இருந்தால் தொண்டை வழியாக மூச்சுக்கான குழாயை இங்கேயே போட்டுவிடுங்கள். ஓடும் 108-ல், பரமக்குடி தாண்டி, இருட்டில் போடுவது யாருக்கும் நல்லதல்ல.

சீட்டில் நோயின் பெயரைவிட முக்கியமானவை நேரங்கள். வலி தொடங்கியது, வந்தது, மருந்து தொடங்கியது, முடிந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்ட நேரத்தை எழுதாமல் ஒருமுறை அனுப்பிவிட்டு, மறுமுனையிலிருந்து நள்ளிரவில் வந்த போனில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் திட்டியதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. இ.சி.ஜி.யைப் படம் பிடித்து அனுப்பினாலும் காகிதத்தையும் இணையுங்கள். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசம் என்று சொந்தக்காரரிடம் சொல்லுங்கள். காசுக்குப் பயந்து வழியில் இறங்கிக்கொள்கிறவர்கள் உண்டு.

டிஸ்சார்ஜ்: படகில் மாத்திரை எங்கே வைப்பது

வார்டு டாக்டர் அதிகம் கோட்டை விடும் இடம் இது. "வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்று எழுதிவிடுகிறோம். கடலுக்குப் போகிறவருக்கு வேளை ஏது? விசைப்படகில் இரவு முழுக்க வேலை, சோறு எப்போது என்று வலைதான் சொல்லும். ஆகவே கேளுங்கள்: எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க, எத்தனை தடவை சாப்பிடுவீங்க, கூட யார் வருவாக?

இன்சுலின் போடுகிறவர் கேட்கும் முதல் சந்தேகம், மருந்தை ஐஸில் வைக்கலாமா என்பது. படகில் மீனுக்கு ஐஸ் இருக்கிறதே. கூடாது. உறைந்த இன்சுலின் கெட்டது. பயன்பாட்டில் உள்ள குப்பியை வெயில் படாத இடத்தில், ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலத்தில் வைத்தால் போதும், திறந்து நான்கு வாரம்வரை ஓட்டலாம். மீதிக் குப்பிகள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கட்டும். சோறு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும், சட்டைப்பையில் சீனியோ மிட்டாயோ கட்டாயம். இதை உடன் வேலை பார்க்கும் ஆளிடமும் சொல்ல வேண்டும், நடுக்கடலில் உளறினால் குடித்திருக்கிறான் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நீர் மாத்திரையைப் படகு நாளில் எந்த நேரம் என்று தனியாக எழுதுங்கள். வலிப்பு உள்ளவர் கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்வது உங்கள் கடமை. அவர் கேட்கமாட்டார், அதனால் அவர் சம்சாரத்திடமும் சொல்லுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஒத்திப்போட்ட சோதனைகள், மருந்தளவு மாற்றங்களை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மாதம் ஓ.பி.யில் ஆண்கள் வரிசை நீளும். கையில் காசும் இருக்காது, ஆகவே வெளிக்கடையில் வாங்கச் சீட்டு எழுதாமல் இருப்பில் உள்ள மருந்தாகப் பாருங்கள். ஊருக்குத் திரும்பியதும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவார், பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

காகிதமும் போலீசும்

விபத்து, அடிதடி, விஷம், பாம்புக்கடி எதுவானாலும் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்து போலீசுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். ஆனால் முதலில் வைத்தியம். 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இறப்புச் சான்றில் 'இதயம் நின்றது' என்று எழுதாதீர்கள், இறந்த எல்லோருக்கும் இதயம் நின்றுதான் போயிருக்கும். அது நிற்கக் காரணமான நோயை எழுதுங்கள். இறப்பைச் சொல்லும்போது உட்கார்ந்து சொல்லுங்கள், "இறந்துட்டாங்க" என்ற சொல்லையே சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் "மதுரைக்குக் கொண்டு போகலாமா சார்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வது இன்னும் கஷ்டம். கூட்டம் கொதித்தால் தனியாகப் போய் நிற்க வேண்டாம். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2008-லேயே வந்துவிட்டது, ஆனால் அந்த நிமிடத்தில் உங்களைக் காப்பது ஹெட் சிஸ்டரும் ஊர்ப் பெரியவர் ஒருவரும்தான்.

உங்கள் உடம்பு

24 மணி நேர ட்யூட்டி முடித்துவிட்டுப் பைக்கில் ராமநாதபுரம் போகாதீர்கள், பஸ்ஸில் ஏறித் தூங்குங்கள். ட்யூட்டி ரூம் மின்விசிறிக்குக் கீழே ஒரு லுங்கி, டார்ச், பிஸ்கட் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். மீன் விலைக்குக் கொடுக்காமல் "சும்மா வச்சுக்கங்க சார்" என்று வீட்டு வாசலில் பை வரும். ஒருமுறை வாங்கினால் தெருவே பேசும், ஒருமுறை மறுத்தால் அவர் மனசு ஒடிந்துபோகும். நான் பாதி வாங்கி வார்டு சமையல்கார அக்காவிடம் கொடுத்துவிடுவேன்.

லீவு எழுதும்போது நாட்காட்டியில் அமாவாசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தை அமாவாசைக்கும் புரட்டாசி மகாளயத்துக்கும் எப்படியாவது ஆள் பிடித்து மாற்றிக்கொள்ளலாம். ஆடி அமாவாசைக்கு மட்டும் கேட்காதீர்கள். கிடைக்காது.